மண்ணுக்குள் மறைந்த காளான்



காளான் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது ஒரு குடையே. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அதனை நாய்க்குடை என்று சொல்வதுண்டு. வங்காளியர் தவளைக் குடை என்னும் பொருள்பட ‘பேங்கேர் சாத்தா’ என்பர். தெலுங்கர் புற்றுக்குடை என்னும் பொருளில் ‘புட்டகொடுகு’ என்பர். மொழிகள் வேறாயினும் கண்ட காட்சி ஒன்றே. ஆனால் குடை விரிக்காத காளான்களும் உலகில் பல உண்டு. அவை தண்டின்றி, தலையின்றி, நெல்லிக்காயைப் போலவோ சிறு கிழங்கைப் போலவோ மண்ணுக்குள் உருண்டு திரண்டு கிடக்கும். மேனாட்டார் பெருவிலை கொடுத்து உண்ணும் டிரபிள் என்பது இத்தகையதே. டிரபிளை ஒத்த வடிவுடைய ஓர் உருண்டை நம் கைக்குக் கிட்டினால், அது எந்தப் பேரினத்தைச் சேர்ந்தது என்று அதன் உடற்கூறுகளைக் கொண்டே எவ்வாறு துணிவது என்பதுதான் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

தமிழகத்தைவிட்டு வேற்று நிலங்களில் வாழும் நமக்கு இதனால் ஆவது என்ன என்று கேட்கத் தோன்றும். அந்தமான் தீவுகளையே எடுத்துக்கொள்வோம். இங்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே மாத நடுவில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் காட்டுத் தரையெங்கும் காளான் தலைகாட்டுகிறது. இந்தத் தரையில் நடப்பவர்களோ பல திசைகளிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். 1918 முதல் காட்டு வேலைக்காகச் சோட்டா நாகபுரியிலிருந்து அழைத்து வரப்பட்ட உராவ், முண்டா, காரியா மக்களை இத்தீவுகளில் ராஞ்சிக்காரர் என்றே குறிப்பிடுகிறார்கள். நாட்டுப் பிரிவினைக்குப்பின் வங்காள அகதிகள் வந்தனர். தமிழரும் தெலுங்கரும் மலையாளியரும் வந்தனர். 1964ஆம் ஆண்டு இந்திய இலங்கை உடன்படிக்கையை அடுத்துத் தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் சில, நிக்கோபார்த் தொகுதியைச் சேர்ந்த கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இத்தீவுகளின் மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

இவ்வாறு வந்தவர்கள் யாவரும் தத்தம் மொழியையும் வழிபாட்டையும் சமையலையும் கொண்டுவந்ததுபோல், தத்தம் ஊர்க் காளான் அறிவையும் உடன் கொண்டுவந்தனர். நம்மவர்க்குப் புற்றுக் காளானும் அரிசிக் காளானும் தெரியும். எந்த மாதம், எந்தப் புற்று, எந்த நிறம் என்பதெல்லாம் பாட்டி சொல்லித் தாயும், தாய் சொல்லி மகளும் அறிந்தவை. அந்த அறிவு பொய்யன்று. ஆயினும் அது ஒரு மண்ணுக்கு உரிய அறிவு. கடல் கடந்தபின் அதே உருவம் அதே பொருளைக் குறிக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இதை நாம் மறக்கும் இடத்தில்தான் இடர் தொடங்குகிறது.

அந்தமான் காடுகளில் ஓங்கி நிற்கும் மரங்களுள் குர்ஜன் முதன்மையானது. 1883இல் நிறுவப்பெற்ற சாத்தம் மர அறுவை ஆலையைப் பற்றிக் கேள்வியுற்றவர்கள் அதன் பெயரையும் கேட்டிருப்பார்கள். இம்மரம் வடநாட்டுச் சால மரத்துக்கு உறவு. இரண்டும் ஒரே குடும்பம். சால மரம் எங்கே உண்டோ அங்கே அதன் வேரடியில் ஒரு வகை உருண்டைக் காளான் தோன்றுகிறது. மழைக்காலத்தில் அதனைக் கிண்டி எடுத்துச் சந்தையில் விற்பது ஜார்க்கண்டு மக்களின் நெடுநாளைய வழக்கம். அவர்கள் அதற்கு இட்ட பெயர் ருக்டா. பஸ்தர்ப் பகுதியில் அதுவே போடா. கருநாடகக் கடற்கரையில் கல்லணபே, அதாவது கற்காளான். தாய்லாந்திலும் குர்ஜனுக்கு இனமான மரங்களின் காடுகளில் இப்பேரினத்தை எடுத்து உண்கிறார்கள். நூலோர் இப்பேரினத்துக்கு இட்ட பெயர் ஆஸ்ட்ரேயஸ். கிரேக்கப் புராணத்தில் விண்மீன்களுக்குத் தந்தையாகச் சொல்லப்படுபவன் பெயர் அது. அப்பெயர் ஏன் வந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

மரத்துக்கும் காளானுக்கும் உள்ள தொடர்பை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். நாம் காளான் என்று காண்பது உண்மையில் கனி போன்ற ஓர் உறுப்பே. காளானின் உடல் மண்ணுக்குள் நூலினும் மெல்லிய இழைகளாய்ப் படர்ந்திருக்கிறது. சில இனங்களின் இழைகள் மரவேரின் நுனிகளை உறைபோல் கவிந்துகொள்கின்றன. இழை மண்ணிலிருந்து நீரையும் தாதுக்களையும் திரட்டி மரத்துக்கு ஊட்டுகிறது. மரம் தன் இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை இழைக்கு ஈகிறது. இந்தக் கொள்வினை கொடுப்பினை எல்லா மரங்களுடனும் நிகழ்வதன்று. சாலம், குர்ஜன், பைன், ஓக் போன்ற சில குடும்பங்களே இவ்வாறு உறைவேர்க் கூட்டுறவு கொள்வன. ஆதலின், உருண்டை எந்த மரத்தடியில் கிடைத்தது என்பது முதற்குறிப்பு. மரத்தின் பெயர் தெரியாமல் காளானின் பெயரைக் கேட்பது, ஊரைச் சொல்லாமல் ஒருவர் முகவரியைக் கேட்பதை ஒக்கும்.

இந்த முதற்குறிப்பே சில ஐயங்களை அகற்றிவிடுகிறது. உண்மையான டிரபிளின் பேரினம் டியூபர். நம் நாட்டிலும் அதில் ஓர் இனம் உண்டு. குக், மாசி என்னும் இருவர் 1892இல் அதற்கு இந்தியாவின் பெயரையே இட்டனர். ஆனால் அது இமயச் சாரலில் ஓக், பைன் மரங்களை அண்டி வாழ்வது. ரைசோபோகன் என்பது மற்றொரு பேரினம். பைன் மரத்தை விட்டுப் பிரியாதது. நீலகிரியின் பைன் தோட்டங்களில் காணலாம். அதன் மேற்பரப்பில் வேரிழை போன்ற நூல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டினால் உள்ளே கடற்பஞ்சு போல் நுண்ணிய அறைகள் தெரியும். அந்தமானின் இயற்கைக் காட்டில் பைனும் இல்லை, ஓக்கும் இல்லை. ஆகவே, குர்ஜன் அடியில் ஓர் உருண்டையைக் கண்டு, இலட்சங்கள் விலைபோகும் டிரபிள் நமக்கு வாய்த்தது என்று மகிழ்வதற்கு இடமில்லை.

அடுத்தது தோல். இளம் ஆஸ்ட்ரேயஸ் சிறு நெல்லிக்காய் அளவினது. மண்ணில் முழுதும் புதைந்தோ பாதி வெளித்தெரிந்தோ இருக்கும். கழுவினாலும் மண் எளிதில் விடாது. இதற்குத் தோல் இரண்டு. புறத்தோல் தடித்தது, தோற்பதம் உடையது. அகத்தோல் மெல்லியது, தாளைப் போன்றது. ஒரே தோல் உடைய வேறு பேரினங்களினின்று இதனைப் பிரித்தறிய இவ்விரண்டே முதல் அடையாளம்.

தோலையும் வெளியே நின்று பார்த்தால் போதாது. உருண்டையை உச்சி முதல் அடிவரை நேராக இரண்டாகப் பிளக்க வேண்டும். குறுக்கே வெட்டலாகாது, நெடுக்கே வெட்டினால்தான் உள்ளமைப்பு முழுதும் தெரியும். நாம் இன்று சொல்லும் அனைத்திலும் தலையாயது இதுவே.

பிளந்த பகுதியில் காணத்தக்கவை யாவை? இளம் ஆஸ்ட்ரேயஸின் உள்ளே வெண்மையான, ஒரே சீரான, கெட்டியான சதை இருக்கும். நடுவில் தண்டு இல்லை, தட்டுகள் இல்லை, கூழ் இல்லை. முதிர முதிர அவ்வெண்மை பழுப்பாகி, முடிவில் முழுவதும் பழுப்புத் தூளாகிவிடும். அத்தூளே வித்துத் துகள். ருக்டாவை உண்பவர்கள் வெண்மை மாறாத நிலையில்தான் உண்பார்கள்.

இனி, இதனோடு மயங்கத்தக்கவற்றைக் காண்போம். முதலாவது ஸ்க்ளெரோடெர்மா என்னும் பேரினம். வன்தோல் என்பது அப்பெயரின் பொருள். இதுவும் உருண்டை, இதுவும் மரவேரோடு கூட்டுறவு கொள்வது, குர்ஜன் குடும்ப மரங்களின் அடியிலும் வளர்வது. ஆனால் இதற்குத் தோல் ஒன்றே. உட்பகுதி விரைவில் ஊதா கலந்த கருமை அடைந்து, வெண்கோடுகள் ஊடுருவிச் சலவைக்கல் போல் தோன்றும். இதனை உண்டவர்க்குச் சிறிது நேரத்திலேயே குமட்டலும் வாந்தியும் வயிற்றுவலியும் உண்டாகும். இங்கே ஒரு நுட்பம் உள்ளது. மிக இளம் பருவத்தில் ஸ்க்ளெரோடெர்மாவின் உள்ளும் வெண்மையே. ஆதலின் வெள்ளையாய் இருக்கிறது என்னும் ஒன்றை மட்டும் நம்பி முடிவு செய்தல் ஆகாது. ஒரே இடத்தில் கிடைத்த இளையது, நடுத்தரம், முதிர்ந்தது ஆகிய மூன்றையும் பிளந்து வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் பேரினம் தன்னை வெளிப்படுத்தும்.

இரண்டாவது பைசோலித்தஸ். இதனைப் பிளந்தால் கரிய பசையிடையே பட்டாணி போன்ற சிறு மணிகள் நெருங்கிப் பதிந்திருப்பதைக் காணலாம். தைல மரத் தோப்புகளில் இது மிகுதி. கையில் பட்டால் சாயம் ஒட்டும்.

மூன்றாவது, நாற்றக் காளான் எனப்படும் பேல்லஸ் வகையின் முட்டை. இதன் தோலுக்குக் கீழே பனிநுங்கு போன்ற கூழ்ப்படலம் இருக்கும். கத்தி பட்டவுடன் இது தெரிந்துவிடும்.

நான்காவதே அஞ்சத்தக்கது. அமனிட்டா என்னும் பேரினத்துக் காளான் குடை விரிக்குமுன் வெண்ணிற முட்டையாக மண்ணைப் பிளந்து எழும். அம்முட்டையை உருண்டைக் காளான் என்று எண்ணிக் கூடையில் இட்டால், அவ்வினத்தின் நஞ்சு குடும்பத்தையே அழிக்கக்கூடும். நெடுக்கே பிளந்தால் உண்மை புலனாகும்: உள்ளே சுருங்கிய குடையின் வடிவம், தட்டுகளின் கோடு, தண்டின் உருவம் ஆகியவை ஓவியம் போல் தெரியும். அத்தகைய வடிவம் சிறிதளவேனும் தென்படுமாயின் அதனைத் தொலைவில் எறிந்துவிட வேண்டும்.

முதிர்ந்தபின் ஆஸ்ட்ரேயஸ் தரும் சான்று மிக அழகியது. புறத்தோல் உச்சியிலிருந்து பல கதிர்களாகக் கிழிந்து, விண்மீன் போல் தரையில் விரியும். நடுவே துகள் நிறைந்த பை அமர்ந்திருக்கும். விண்மீன்களின் தந்தை பெயர் இதற்கு வந்தது இவ்வாறே. மழை பெய்து நனைந்தால் கதிர்கள் விரியும்; வெயிலில் உலர்ந்தால் பையை அணைத்து மூடிக்கொள்ளும். உலர்ந்து மூடிய ஒன்றை நீரில் இட்டுப் பார்ப்போமாயின் அது மெல்ல விரிவதைக் கண்ணாற் காணலாம். சிறுவர்க்குக் காட்டத்தக்க சோதனை இது. உண்ணும் பருவம் கடந்த இந்த விண்மீனை அருகில் காண்பது, அவ்விடத்து இளம் உருண்டைகள் இன்னவை என்பதற்கு நல்ல துணைச் சான்றாகும். எனினும் அது தனித்து நிற்கும் தீர்ப்பன்று. ஒரே மரத்தடியில் இரண்டு பேரினங்கள் அருகருகே வளரலாம்.

விண்மீன் போல் விரியும் வேறொரு பேரினமும் உண்டு. அது ஜியாஸ்ட்ரம், அதாவது மண்விண்மீன். உதிர்ந்த இலைச் சருகில் வாழ்வது. இரண்டும் முகத்தில் ஒத்திருப்பதால், 1801இல் பெர்சூன் என்னும் அறிஞர் நாம் பேசிக்கொண்டிருக்கும் காளானையும் ஜியாஸ்ட்ரத்தோடு சேர்த்தே பெயரிட்டார். 1889இல் மார்கன் என்பவர் அதனைப் பிரித்து ஆஸ்ட்ரேயஸ் எனத் தனிப் பேரினமாக்கினார். வேறுபாடுகள் எவை? ஜியாஸ்ட்ரத்தின் பையில் துகள் வெளியேற வரம்பு கட்டிய ஒரு வாய் இருக்கும். ஆஸ்ட்ரேயஸின் பை ஒழுங்கின்றிக் கிழியும். ஜியாஸ்ட்ரத்தின் பைக்குள் ஒரு நடுத்தூண் உண்டு. ஆஸ்ட்ரேயஸில் அது இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் ஆஸ்ட்ரேயஸின் துகள்கள் பருத்தவை. பிற்காலத்து மரபணு ஆராய்ச்சி இப்பிரிவினையை உறுதி செய்தது. ஆஸ்ட்ரேயஸ் மண்விண்மீன்களுக்கு உறவே அன்று. அடிப்பகுதி துளைகளாய் அமைந்த போலீட்டஸ் என்னும் குடைக்காளான் கூட்டத்தைச் சேர்ந்தது. ஸ்க்ளெரோடெர்மாவும் அக்கூட்டமே. அதாவது, முகம் ஒத்தது உறவன்று. முகம் ஒவ்வாதது உறவு.

மற்றுமொரு திருத்தமும் நிகழ்ந்தது. ஆசியாவில் உண்ணப்படும் இக்காளானை ஐரோப்பியக் காளானின் பெயராலேயே நெடுங்காலம் அழைத்து வந்தனர். 2004இலும் 2007இலும் தாய்லாந்துக் காடுகளிலிருந்து இரண்டு தனி இனங்கள் பிரித்துக் காட்டப்பட்டன. ஒன்றுக்கு, ஈரமண்ணின் மணம் கமழ்வதால், மணமுடையது என்றும், மற்றதற்கு ஆசியாவினது என்றும் பெயரிட்டனர். நம் நாட்டுக் காளான்களையும் அதன்பின் அப்பெயர்களோடு ஒப்பிட்டுத் திருத்தி வருகின்றனர். அறிஞர்களே வெளித்தோற்றத்தால் 200 ஆண்டுகளாக மயங்கினார்கள் என்றால், அந்தி வேளையில் கூடையுடன் திரும்பும் நாம் ஒரே பார்வையில் துணிந்துவிடலாமா?

துணிந்ததன் விளைவுகள் ஏட்டில் உள்ளன. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளான் உண்டு 13 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். கடல் கடந்த அமெரிக்காவின் கலிபோர்னியாவில், தென்கிழக்காசியாவிலிருந்து குடியேறியவர்கள், தம் ஊர் வைக்கோற் காளான் என்று எண்ணிக் கொடிய அமனிட்டாவைப் பறித்து உண்டு இன்னலுற்றிருக்கிறார்கள். அவர்கள் காளான் அறியாதவர்கள் அல்லர். ஒரு மண்ணின் காளானை நன்கு அறிந்தவர்கள். அந்த அறிவே அவர்களை வேற்று மண்ணில் ஏமாற்றிற்று.

வெள்ளிக் காசு கறுத்தால் நஞ்சு, பூண்டு நிறம் மாறினால் நஞ்சு, புழு தின்றிருந்தால் நன்று, புளியும் மஞ்சளும் இட்டு வேகவைத்தால் நஞ்சு நீங்கும் என்றெல்லாம் நம்மிடையே பேச்சு உண்டு. இவற்றுள் ஒன்றேனும் உண்மையன்று. அமனிட்டாவின் நஞ்சு கொதிநீரில் அழிவதில்லை. அது வெள்ளியைக் கறுக்கச் செய்வதுமில்லை. உண்டபின் 6 மணி முதல் 12 மணி நேரம் வரையிலும், சில வேளை அதற்கு மேலும், ஒன்றும் தெரியாது. பிறகு கடும் வாந்தியும் பேதியும் தோன்றும். அதன்பின் ஒரு நாள் தணிந்ததுபோல் காட்டும். தேறிவிட்டோம் என்று நினைக்கும் அந்நேரத்தில்தான் ஈரல் சிதைந்துகொண்டிருக்கும். ஆதலின், காளான் உண்டவர்க்குப் பல மணி நேரம் கழித்து வாந்தி கண்டால் வீட்டு வைத்தியத்தில் காலம் போக்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். எஞ்சிய காளானையும், கறியையும்கூட, உடன் எடுத்துச் செல்ல வேண்டும். உடன் உண்ட அனைவரையும், நோய் தெரியாதவராயினும், அழைத்துச் செல்ல வேண்டும். வெளித்தீவுகளில் வாழ்வோர்க்குத் தலைநகரின் பெரிய மருத்துவமனை கப்பற்பயண தூரத்தில் உள்ளது என்பதை நினைவிற் கொண்டால் விரைவின் அருமை விளங்கும்.

அறிய விரும்புவோர்க்கு வழி என்ன? ஓர் உருண்டை கிடைத்தால், எந்த மரத்தடி, எந்த நாள், எத்துணை ஆழம், என்ன மணம் என்பவற்றை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். இளையதும் முதிர்ந்ததுமாகச் சிலவற்றை நெடுக்கே பிளந்து, வெட்டிய முகம் தெரியப் படம் எடுங்கள். வெட்டியபின் நிறம் மாறுகிறதா என்று காத்திருந்து பாருங்கள். ஒன்றிரண்டை நிழலில் உலர்த்தித் தாள் உறையில் இடுங்கள். ஈரத்தோடு பாலிதீன் பையில் இட்டால் அழுகிவிடும். இவற்றைத் தாவரவியல் கற்பிக்கும் கல்லூரியிலோ, 1972 முதல் போர்ட் பிளேரில், அதாவது 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட நகரில், இயங்கிவரும் இந்தியத் தாவர ஆய்வுத் துறையின் வட்டார நிலையத்திலோ காட்டலாம். பழங்குடியினர்க்கென 1956ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியால் காக்கப்பட்ட காடுகளுக்குள் காளானுக்காகவோ வேறெதற்காகவோ நுழைதல் கூடாது. ஏனைய காடுகளிலும் வனத்துறையின் இசைவைப் பெற்றே எதையும் எடுத்தல் வேண்டும். காட்டுப்பன்றி மண்ணைக் கிண்டித் தின்பதைக் கண்டு, பன்றி உண்டது நமக்கும் ஆகும் என்று கருதுவதும் தவறு. அதன் வயிறு வேறு, நம் வயிறு வேறு.

இறுதியாக ஒன்று. இத்தீவுகளில் தமிழர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ராஞ்சிக்காரர் இருக்கலாம். அதற்கடுத்த வீட்டில் வங்காளியர் இருக்கலாம். ருக்டாவை அறிந்த முதியவள் ஒருத்தி அங்கே இருப்பாள். புற்றுக் காளானை அறிந்த முதியவள் நம் வீட்டில் இருப்பாள். இருவரும் அறிந்தவற்றை ஒரு திண்ணையில் வைத்துப் பேசினால், இருவர்க்கும் பொதுவான ஒரு பாடம் கிடைக்கும்: தன் ஊரில் ஒவ்வொருத்தியும் பருவம், மரம், மண், உள் நிறம் ஆகிய பலவற்றையும் சேர்த்துப் பார்த்தே எடுத்தாள், உருவத்தை மட்டும் பார்த்து எடுக்கவில்லை. நாம் ஊரைவிட்டு வரும்போது உருவத்தை மட்டும் நினைவில் கொண்டுவந்து, ஏனையவற்றை அங்கேயே விட்டுவிட்டோம். விட்டுவிட்டதைத் திரும்பப் பெறும் வழியே நூலோர் சொல்லும் இந்த முறை. மரத்தைக் கேட்டு, தோலை எண்ணி, நெடுக்கே பிளந்து, முதிர்ந்ததையும் உடன் வைத்து, பேரினத்தைத் துணிய வேண்டும். துணிந்தபின்னும், அறிந்தவர் ஒருவர் நேரில் பார்த்து ஒப்பும்வரை அது அறிவுக்கு விருந்தாகவே இருக்கட்டும். அடுப்பங்கரைக்குச் செல்ல வேண்டாம்.